சூரியனைப் பார்த்து நின்று எடுத்த படங்கள்

போன வருடம் மார்ச் முதல் மே முடிய நானும் மனைவியும் அமெரிக்காவில் பெரியவன் வீட்டில் இருந்தோம். அரிசோனா மாநிலம், டூசான் நகரம். எழுதும்போது நடுவில் ஒரு 'சே' இருக்கிறது, சொல்லும்போது அதை விழுங்கிவிட வேண்டும். ப்ரெஞ்சு படித்தவனுக்கு ஊமை எழுத்து ஒன்றும் புதிதில்லையே! நம் ஊரில் இதே பெயரில் கார் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊர் பாலைவனத்துக்கு நடுவில் இருக்கிறது.

பாலைவனம் என்றதும் நான் மணல் மேடும் ஒட்டகமும்தான் நினைத்திருந்தேன். அங்கே மணல் மேடே இல்லை. கல்லும் சரளையுமாகத் தரை, அதில் கண்ணுக்கு எட்டிய வரை செடி. எல்லாவற்றிலும் முள். ஊருக்கு இரு பக்கமும் சவாரோ தேசியப் பூங்கா என்று இரண்டு துண்டாகக் காட்டை வைத்திருக்கிறார்கள். சவாரோ என்பது தூண் மாதிரி நேராக வளர்ந்து, பக்கத்தில் கை தூக்கி நிற்கும் பெரிய கள்ளி. கௌபாய் படங்களில் பார்த்திருப்போம். இந்த வகையை ப்ரெஞ்சில் 'சியேர்ழ்' என்பார்கள். கோயிலில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்திக்கும் அதே பெயர்தான். பெயர் வைத்தவன் பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

முதல் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூட்டிப்போனான். பையன் அலமாரியில் பெட்டியோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு நல்ல கேமராவை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டான். "சும்மாதான் கிடக்கு, நீங்க எடுங்கப்பா." நாற்பது படம் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் எல்லாம் சாம்பல் பூத்த பச்சை. ஆபீசில் பழைய கோப்புக் கட்டு அடுக்கிய மாதிரி இருந்தது. பாலைக்குரிய பொழுது நண்பகல் என்று தொல்காப்பியம் சொல்வதை, நான் தமிழை முறையாகப் படித்தபோது (அது வேலையில் சேர்ந்த பிறகுதான்) மனப்பாடம் செய்திருக்கிறேன். பாலையின் கொடுமையை அறிய நண்பகல்தான் சரி. படம் எடுக்க அது ஆகாது.

மறுவாரம் சாயங்காலம் போனோம். கேட்ஸ் பாஸ் என்ற கணவாய் வழியாக மலையைத் தாண்டி மேற்குப் பகுதிக்கு. அங்கே அப்போது சூரியன் மறைய ஆறரை மணிக்கு மேல் ஆகும். பெரும்பாலான மாநிலங்கள் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும், அரிசோனா வைக்காது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்தரை மணிக்கு வெளிச்சம் மாற ஆரம்பித்தது. சூரியன் தாழ்ந்தால் ஒளி காற்றில் வெகுதூரம் குறுக்காக வர வேண்டியிருக்கிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. பக்கவாட்டில் விழும் அந்த வெளிச்சத்தில்தான் சவாரோவின் உடம்பில் மேலிருந்து கீழே ஓடும் மடிப்புகள் தெரிந்தன. மழை பெய்தால் அந்த மடிப்புகள் விரிந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வறட்சியில் மறுபடி சுருங்கும். ஆர்மோனியத்தின் துருத்தி மாதிரி. எழுபது வயதுச் சவாரோ ஆறரை அடி உயரம் இருக்குமாம். கை முளைக்க ஐம்பது, எழுபது வருடம் ஆகும், மழை குறைந்த இடத்தில் நூறுகூட ஆகலாம். என் வயதுக்காரர் ஒருவர் பாலோ வெர்டே மரத்து நிழலில் இன்னும் கை முளைக்காமல் நின்றார். அவரை மட்டும் பத்துப் படம் எடுத்தேன். பாலோ வெர்டே என்றால் பச்சைக் குச்சி, ஸ்பானிய மொழி. பட்டையே பச்சை. இலை உதிர்ந்தாலும் அந்தப் பட்டையாலேயே மரம் சாப்பாடு தயாரித்துக்கொள்ளும்.

என் மனைவிக்குச் செடிகளில் ஒன்றே ஒன்றுதான் தெரிந்த முகம். "இது நம்ம சப்பாத்திக்கள்ளி ஆச்சே, இங்க எப்படி வந்துது?" என்றாள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நம் ஊருக்கு வந்தது என்று சொன்னேன். நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் ஒடித்தால் பால் வரும். அவை வேறு குடும்பம். சொன்னதை அவள் நம்பவில்லை.

நானும் படமெடுத்துக்கொண்டே இருந்தேன். அப்போது பையன் சொன்னான்:

"அப்பா, நீங்க சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நிக்கிறீங்க. இந்தப் பக்கம் திரும்புங்க."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது சிறு வயதில் கற்ற விதி. பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கும் நாளில் எங்கள் மெஸ்ஸியே எங்களை வெயிலைப் பார்த்து நிறுத்துவார். 'கோந்த்ர் ழூர்' கூடாது என்பார். வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் முகம் கறுத்துப்போகும். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முப்பது பையன்களும் கண்ணை இடுக்கிக்கொண்டு அழுவது போல நிற்கிறோம். விதி மட்டும் பிசகவில்லை. அப்புறம் முப்பத்தாறு வருடம் அரசாங்க விதிகளோடு குடித்தனம் செய்தவன் நான். திரும்பு என்றால் உடனே திரும்பிவிடுவேனா?

திரும்பினேன்.

எதிரே சோய்யா என்ற ஒரு கள்ளி. இடுப்பளவுதான் உயரம், உடம்பெல்லாம் வைக்கோல் நிற முள், மதியம் பார்த்தால் அழுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும். இப்போது அதன் பின்னால் சூரியன். ஒவ்வொரு முள்ளுக்குள்ளும் வெளிச்சம் புகுந்து, செடி முழுக்க விளக்குப் போட்டது போல எரிந்தது. ஒன்றல்ல, அந்தச் சரிவு முழுக்க. எனக்குக் கண்புரை அறுவை ஆன பிறகு எல்லாமே கொஞ்சம் நீலமாகத்தான் தெரியும். அந்தக் கண்ணுக்கே அப்படித் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையன் பக்கத்தில் வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். ஒயிட் பேலன்சை ஆட்டோவில் விடக்கூடாது. கேமரா அந்தப் பொன்னிறத்தைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடும், பகல் வெளிச்சம் என்ற இடத்தில் வைக்க வேண்டும். செடிக்குப் பின்னால் நிழல் விழுந்த மலை இருக்கிற மாதிரி நின்றுகொள்ள வேண்டும். கேமரா கேட்கிற வெளிச்சத்தை விடக் குறைத்து வைத்தால் மலை கறுத்துப்போய் முள் மட்டும் எரியும். சூரியன் நேராக லென்சில் படாமல் கையால் மறைக்க வேண்டும். என் கை நடுங்கியதால் அவன் கையை நீட்டி மறைத்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

1996. அவன் பன்னிரண்டாம் வகுப்பு. சின்னப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய ஜெனித் கேமரா, ரஷ்யாக்காரன் செய்தது, வாங்கி வந்தான். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. "இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா" என்றேன். மறுபேச்சில்லாமல் போனான். திரும்பி வந்து பணத்தை என் மேசைமேல் வைத்தான், ஆயிரத்து அறுநூறு இருந்தது. இருநூறு குறைவது ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நல்ல மார்க் வாங்கினான், இஞ்சினியர் ஆனான். நான் செய்தது சரி என்று இருபத்தைந்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மனைவி "என்னங்க!" என்று கத்தினாள். முந்தானையில் ஒரு சோய்யாத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. லேசாக உரசினாலும் கணுவோடு கழன்று ஒட்டிக்கொள்ளும். கையால் எடுக்கப் போனால் கையோடு வரும். பையன் காரிலிருந்து ஒரு சீப்பைக் கொண்டுவந்து, முள்ளுக்கு அடியில் கொடுத்து ஒரே தட்டு தட்டினான். அது தூரப் போய் விழுந்தது. அங்கே காட்டில் நடப்பவர்கள் சீப்பு வைத்திருப்பது தலை வாருவதற்கு இல்லையாம்.

சூரியன் மலைக்குப் பின் இறங்கியதும் சரிவில் இருந்த அத்தனை விளக்கும் அணைந்துபோயின. காரில் திரும்பும்போது நான் கேட்டேன்:

"அந்த ஜெனித்துக்கு இருநூறு பிடிச்சுக்கிட்டாரா கடைக்காரர்?"

அவன் ரோட்டைப் பார்த்தபடியே சிரித்தான். "இல்லப்பா. உள்ளே ஒரு ரோல் போட்டிருந்தேன். முப்பத்தாறு படம். அதைக் கழுவிப் பிரிண்ட் போட்டேன்."

"எங்கே அந்தப் படமெல்லாம்?"

"அம்மாகிட்ட இருக்கு."

பின் சீட்டில் அவள் தூங்குவது போல இருந்தாள். ஊருக்குத் திரும்பிய பிறகு, புடவைப் பெட்டியின் அடியிலிருந்து அந்த உறையை எடுத்துக் கொடுத்தாள். கடற்கரை, பழைய பாலம், எங்கள் வீட்டுத் திண்ணை. ஒன்றில் நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். தெருக்கோடியில் சூரியன், எனக்குப் பின்னால்.

மே மாதம் கிளம்புவதற்கு முன், சவாரோ உச்சியில் வெள்ளைப் பூ பூத்திருந்தபோது கடைசியாக ஒருமுறை போனோம். கேமராவை நான் கழுத்திலிருந்து கழற்றி அவன் கழுத்தில் மாட்டினேன். "நீ எடு" என்றேன். எங்கள் இருவரையும் ஒரு சவாரோவுக்குப் பக்கத்தில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிறுத்தினான். அந்தப் படம்தான் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "முகமே தெரியலையே சார்" என்கிறார்கள். முகம் தெரியாதுதான். என் நரைமுடியைச் சுற்றியும் அவள் முந்தானை ஓரத்திலும் ஒரு பொன் கோடு ஓடுகிறது.