ஈயத்தில் தொங்கிய ஜாக்

கோவை,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் வியாழக்கிழமையே வந்துவிட்டது. பட்டறையில் ஒரு போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் அவசரம், அதனால் இன்றுதான் உன் கிட்டார் ஃபஸ் பெடலைத் திறந்தேன். "ரெண்டாவது பாட்டு நடுவுல செத்துப்போச்சுக்கா, டிரான்சிஸ்டர் போயிருக்கும்" என்று போனில் சொன்னாயே, அந்தக் குரல் நான்கு நாளாகக் காதிலேயே நிற்கிறது.

டிரான்சிஸ்டருக்கு ஒன்றுமில்லை கண்ணு. அடாப்டரைச் செருகி போர்டில் மீட்டரை வைத்தேன், 9 வோல்ட் காட்டியது. செருகிய பின்னை விரலால் லேசாக அசைத்தேன், பூஜ்யம். மறுபடி அசைத்தால் மறுபடி 9. லென்ஸை எடுத்துப் பார்த்தேன். டிசி ஜாக்கின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு வட்டக் கீறல். கால் தனி, ஈயம் தனி. பக்கத்துக் காலில் செம்புத் தடமே போர்டிலிருந்து உரிந்து எழும்பியிருந்தது.

நீ போர்டில் நிற்கிற ஜாக்கை வாங்கி, அதன் வாய்க்கு நேராக டப்பாவில் ஓட்டை மட்டும் போட்டிருக்கிறாய். ஜாக்கை டப்பா பிடிக்கவே இல்லை. செருகும்போதும் பிடுங்கும்போதும், மேடையில் யாராவது வயரை மிதிக்கும்போதும், அத்தனை இழுப்பையும் தாங்கியது மூன்று சொட்டு ஈயம். ஈயம் கரண்டைக் கடத்தும், பாரம் தாங்காது. மோட்டாரில் லீட் வயரை வெளியே கொண்டுவரும் முன் காயிலோடு சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டுவேனே, நீ பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிடித்திருக்கிறாய். இழுப்பு அந்தக் கட்டோடு நின்றுவிட வேண்டும், இணைப்புக்குப் போகவே கூடாது. பெடலுக்கும் அதேதான். நீ சுற்றி ஊற்றியிருந்த ஹாட் க்ளூ நகத்தால் நெம்பியதும் வில்லையாகக் கழன்று வந்தது. வழவழப்பான அலுமினியத்தில் அது நிற்காது.

உன் மேல் தப்புச் சொல்லவில்லை. நீ பார்த்துச் செய்த ஃபஸ் ஃபேஸ் பெடல் 1966இல் வந்தபோது அதில் டிசி ஜாக்கே கிடையாது, உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரிதான். அந்த சர்க்யூட் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஜாக்கை எப்படி நிறுத்துவது என்று தெரியாது.

பழைய ஜாக்கைக் கழற்றிவிட்டு, டப்பாவிலேயே மரையும் நட்டுமாக நிற்கிற பிளாஸ்டிக் ஜாக்கைப் போட்டிருக்கிறேன். உள்ளிருந்து நுழைத்து வெளியே நட் போடுகிற வகை. செருகும் தள்ளலை நட் தாங்கும், பிடுங்கும் இழுப்பை உள்ளே இருக்கிற விளிம்பு தாங்கும். போர்டுக்குப் போவது வெறும் வயர், அதற்கும் கொஞ்சம் தொய்வு விட்டிருக்கிறேன்.

கடையில் பளபளவென்று மெட்டல் ஜாக் காட்டுவார்கள், உறுதியாகவும் தெரியும். வாங்காதே. பெரும்பாலான பெடல்களில் நடு ஊசி நெகட்டிவ், வெளிச்சுற்று பாசிட்டிவ். மெட்டல் ஜாக்கின் உடம்பு அந்த வெளிச்சுற்றோடு சேர்ந்தது. உன் டப்பாவோ இன்புட் ஜாக் வழியாக நெகட்டிவோடு சேர்ந்தது. நட்டை முறுக்கி அடாப்டரைச் செருகினால் நேர் ஷார்ட். என் முதல் பெடலில் ஒரு அடாப்டர் இப்படித்தான் போனது. சர்க்யூட்டை மூன்று நாள் தேடினேன், கோளாறு நட்டில் இருந்தது.

நீ போட்ட ஓட்டை 14 மி.மீ., புது ஜாக்குக்கு வேண்டியது 12. லூசாக விட மனசு வரவில்லை. ஒன்றரை மி.மீ. தகட்டில் சரியாக 12க்கு ஓட்டை போட்டு, உள்பக்கம் வைத்து இரண்டு சின்ன ஸ்குரூவால் பிடித்தேன். வெளியே அகலமான வாஷர் ஒன்று. இப்போது பின்னைத் திருகினாலும் ஜாக் கூடவே சுற்றாது. சுற்றினால் வயர் முறுக்கேறி, ஜாக்கின் லக்கில் ஈயம் வைத்த இடத்தில் அறுந்துவிடும்.

அடுத்த டப்பாவை நீயே துளையிடு. மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்து, பஞ்சால் ஒரு குழி அடி, முதலில் 3 மி.மீ., அப்புறம் ஸ்டெப் டிரில். டப்பாவைக் கையில் பிடிக்கவே பிடிக்காதே, மரக்கட்டை கொடுத்து வைஸில் பூட்டு. அந்த 1590பி டப்பா அச்சில் வார்த்தது. அச்சிலிருந்து கழன்று வருவதற்காகச் சுவரில் கொஞ்சம் சாய்வு இருக்கும், டப்பா எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காதே, துளை போடும் சுவர் டிரில்லுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார். மூடியின் விளிம்பு வேறு உள்ளே இறங்கும். ஓட்டை மூடிப் பக்கம் நெருங்கினால் ஜாக் அதில் இடிக்கும். டப்பாவின் உயரமே 31 மி.மீ.தான், அதனால் பொட்டென்ஷியோமீட்டரையும் போர்டையும் உள்ளே வைத்துப் பார்த்த பிறகே குறி. துளையின் பிசிறை அரத்தால் எடுத்துவிடு.

லக்கில் ஈயம் வைக்கும்போது ஜாக்கில் ஒரு பழைய பின்னைச் செருகி வை. சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் உள்ளே இருக்கிற ஊசி இடம் மாறாது. இரண்டு மூன்று நொடிக்கு மேல் அயர்னை வைக்காதே. நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று போதும், மரை பிளாஸ்டிக். நட் கழலாமலிருக்க மோட்டாருக்குப் போடுகிற திரவம் இருக்கிறதே, அதை இதில் விடாதே. சில பிளாஸ்டிக்கை அது வெடிக்க வைக்கும். இரண்டு ப்ரோக்ராமுக்கு ஒருமுறை நட்டை விரலால் தொட்டுப் பார்த்தால் போதும்.

மூடுவதற்கு முன் ஐம்பது தடவை செருகிப் பிடுங்கினேன், வயரைப் பிடித்தும் இழுத்துப் பார்த்தேன். மீட்டர் 9ஐ விட்டு அசையவில்லை. செவ்வாய்க்கிழமை கூரியரில் போடுகிறேன். உபரியாக இரண்டு ஜாக்கும் நட்டும் ஒரு கவரில் இருக்கும். அடுத்த ப்ரோக்ராம் என்றைக்கு என்று சொல். ஞாயிறு என்றால் பட்டறை லீவு, ராத்திரி ரயில் பிடித்து வந்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா