தண்டவாளத்தைக் காணாத பிள்ளைகள்

1997ஆம் ஆண்டு. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, மல்லாவிப் பக்கத்தில் ஒரு பாலை மரத்தின் கீழ் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் டீசல் இயந்திரம். பொருளாதாரத் தடையினால் டீசல் என்பது வன்னி மக்களுக்குக் கிட்டாப் பொருளாகிவிட்ட காலம் அது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயைக் குடித்து இருமிக்கொண்டு ஓடின.

எனது ஆய்வுகூடம் ஒரு சைக்கிள் பம்ப். அதன் வாயை அடைத்துப் பல தடவை அழுத்தச் செய்து, அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சுட்டது. காற்றை நெருக்கினால் சூடேறும். மிகவும் நெருக்கி, அதனுள் எண்ணெயைத் தூவினால் தீப்பொறி இன்றியே பற்றிக்கொள்ளும். ருடொல்ப் டீசல் என்ற பொறியியலாளர் இந்த உண்மையைக் கொண்டு அமைத்த இயந்திரம் 1897இல் ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் பரீட்சிக்கப்பட்டது. எரிபொருளின் வெப்பத்தில் கால் பங்குக்கு மேல் அது வேலையாக மாற்றியது. புகையிரத நீராவி எஞ்சினோ பத்தில் ஒரு பங்கை மாற்றவே திணறியது.

ஆயினும் டீசல் இயந்திரத்துக்கு ஒரு குறை உண்டு. நின்ற நிலையிலிருந்து பெரும் பாரத்தை இழுத்துப் புறப்பட அதனால் இயலாது. எனவே அதைக் கொண்டு மின்பிறப்பாக்கியைச் சுழற்றி, அந்த மின்சாரத்தால் சில்லுகளை உருட்டும் வழி கண்டார்கள். இலங்கையில் இம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் பி. டி. றம்பாலா. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய எஞ்சின்கள் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி வந்தன. 1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. வன்னியின் வெயிலில் உலைவாயின் முன் நின்று கரி அள்ளிய தொழிலாளியின் வேதனைக்கு விஞ்ஞானம் முடிவு கட்டியது.

இவற்றை நான் உற்சாகத்தோடு சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு சிறுவன் எழுந்தான்.

"சேர், தண்டவாளம் எங்கட பங்கருக்கு மேல கிடக்கிற இரும்புதானே? அதில எப்பிடி றெயில் ஓடும்?"

எவரும் சிரிக்கவில்லை. நானும் வாயடைத்து நின்றேன். 1990 ஜூன் 13இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றுபோயிற்று. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரையாயின. அச்சிறுவன் அறிந்த தண்டவாளம் அது ஒன்றே.

இயந்திரத்தை நொந்து பயனில்லை. நெல் மூட்டையையும் படைவீரனையும் அது ஒரே இழுவிசையால்தான் இழுக்கிறது. 1985 ஜனவரி 19இல் கொக்காவில் அருகே யாழ்தேவி தகர்க்கப்பட்டபோது சிப்பாய்களுடன் சாதாரணப் பயணிகளும் மாண்டனர். எதை ஏற்றுவது, எங்கே செலுத்துவது, எப்போது நிறுத்துவது என்பவற்றைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். அம்மனிதர்களுள் கரி அள்ளியவனும் இல்லை, வயல் உழுதவனும் இல்லை.

2013 செப்டெம்பர் 14இல் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. நடைமேடையில் நெருங்கியடித்த கூட்டத்தில் நானும் நின்றேன். எஞ்சின் உறுமிக்கொண்டு வந்தபோது, அருகில் நின்ற இளைஞனொருவன் தன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவன் பேசவில்லை, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என் மாணவனாக இருந்திருக்கலாம்.

டீசல் இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை இன்றும் சைக்கிள் பம்பைக் கொண்டே விளக்குவேன். அது யாருக்காக இயங்க வேண்டும் என்ற கேள்வியையும் அதே பாடத்தில் சேர்த்துக் கேட்கிறேன். அந்தச் சிறுவனுக்கு நான் அன்று கொடுக்காத மறுமொழி அதுதான்.