அலைந்த கால்களுக்கு ஓர் இருக்கை: திருவனந்தபுரத்தில் ஒரு நாள்

விடுமுறை நாள் ஒன்று வாய்த்தால் பட்டணத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் அநேகர் பேரங்காடிக்கே புறப்படுகின்றனர். குளிரூட்டிய கூடத்தில் பிள்ளைகள் ஓடியாட, நகரும் படிக்கட்டில் இரண்டொரு முறை ஏறி இறங்கி, கடைகளைக் கண்ணாரக் கண்டு, கடைசியில் எதையாகிலும் உண்டு வீடு திரும்புகிறோம். வாரமெல்லாம் உழைத்தவர்களுக்கு இப்படி ஒரு நாள் வேண்டியதே. அந்த நாளைத் திருவனந்தபுரத்தில் கழிக்கும் தருணம் கிடைத்தால், கால்கள் எங்கெங்கே இளைப்பாறுகின்றன என்பதைச் சற்றே கவனித்துப் பாருங்கள். அந்நகரம் ஒரு நல்ல காரியத்தை நமக்குக் கற்பிக்கும்.

திருவனந்தபுரம் தமிழருக்கு அந்நிய ஊரன்று. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களுக்கும் 1956 நவம்பர் 1 வரை இதுவே தலைநகரமாயிருந்தது. 1979-ல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்பு, நாகர்கோவிலில் காலையில் ரயிலேறி மாலையில் வீடு திரும்புவதும் எளிதாயிற்று. இன்றும் சாலைக் கடைவீதியில் நடந்தால் மலையாளத்தோடு தமிழும் நம் காதில் விழுகிறது.

ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ள இடம் தம்பானூர். அங்கே பேருந்து நிலையத்தை ஒட்டி, செங்கல்லால் கட்டிய வட்டமான கோபுரம் போன்ற கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிகள் கிடையா. சுருள்போலச் சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரே சரிவுப் பாதையும், அதன் ஓரமாகச் சுவரோடு சேர்த்துக் கட்டிய மேசைகளும் இருக்கைகளுமே உண்டு. சுவரில் விட்ட சிறுசிறு துவாரங்களின் வழியாய்க் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. விசிறி போன்ற தலைப்பாகை அணிந்த பணியாளர், பீட்ரூட் கலந்த மசாலா தோசையையும் சுடச்சுடக் காபியையும் கொண்டுவந்து வைக்கிறார்.

இக்கட்டடத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1917-ல் பிறந்த அவர், தொழுநோயாளிகளுக்கான விடுதிகளைச் சீரமைக்கும் ஊழியத்துக்காக 1945-ல் இந்தியாவுக்கு வந்தார். பின்னாளில் திருவனந்தபுரத்திலேயே குடியேறி, குறைந்த செலவில் எளியோருக்கு வீடுகள் கட்டும் முறையைப் பரப்பி, 2007-ல் இங்கேயே காலமானார். அந்தக் காபிக் கடைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1950-களில் காபி வாரியம் தன் கடைகளை மூடத் தொடங்கியபோது வேலையிழந்தவர்கள், ஏ. கே. கோபாலனின் ஆலோசனையின்படி கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக் கடைகளைத் தாங்களே ஏற்று நடத்தினார்கள். கேரளத்தில் முதற்கடை 1958-ல் திருச்சூரில் திறக்கப்பட்டது. ஆகவே இங்கே நமக்குக் காபி கொடுப்பவர் இன்னொரு முதலாளியின் கடையில் கைகட்டி நிற்பவரல்லர். கடையில் அவருக்கும் பங்கு உண்டு.

அங்கிருந்து மகாத்மா காந்தி சாலை வழியே மெல்ல நடந்தால், 1869-ல் கட்டி முடிக்கப்பட்ட தலைமைச் செயலகம் தோன்றும். அதற்கு எதிரே நிற்கிறது டி. மாதவராவின் சிலை. அச்சிலையினாலேயே அந்தச் சந்திப்புக்கு ஸ்டாச்சு என்று பெயர். கும்பகோணத்தில் 1828-ல் பிறந்த மாதவராவ், 1872 வரை திருவிதாங்கூரின் திவானாயிருந்தார். வேறூரிலிருந்து பிழைக்க வந்தவர்களை இந்நகரம் மறப்பதில்லை போலும்!

நண்பகலில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும் உணவகம் ஒன்றில் அமருங்கள். பதிமுகப் பட்டை இட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நிற வெந்நீரைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். சாப்பாட்டின் முடிவில் வருவது போளி. நம் வீடுகளில் போளிக்கு நெய் தடவுவோம். இங்கேயோ இலையில் போளியை இட்டு, அதன்மேல் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து உண்கிறார்கள். ஒருமுறை சுவைத்தவர் ஊருக்குப் போனபின்பும் அதையே பேசுவார்.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு பேரங்காடிக்குப் போகலாம். கழக்கூட்டம்–கோவளம் புறவழிச்சாலையில், ஆக்குளத்தின் அருகே உள்ள லுலு மால் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 20 லட்சம் சதுர அடிப் பரப்பு. உணவுக்கூடத்தில் மட்டும் சுமார் 2,500 பேர் ஒரே வேளையில் அமரலாம். இதை நிறுவிய எம். ஏ. யூசுப் அலியும் திருச்சூர் மாவட்டத்து நாட்டிகையிலிருந்து 1973-ல் அபுதாபிக்குப் பிழைக்கச் சென்றவரே. இங்கே எதையும் வாங்காமல் மணிக்கணக்காய்ச் சுற்றலாம். யாரும் ஏனென்று கேட்பதில்லை. கால் வலித்தால் அமர்வதற்கு நமக்கு இடம் உண்டு.

நமக்கு எதிரே, துணிகளின் நடுவே நாளெல்லாம் நின்று பணிசெய்யும் பிள்ளைக்கு அமர இடம் உண்டா? இக்கேள்வியைக் கேரளத்தில் உரக்கக் கேட்டவர்கள் கடைகளில் வேலைசெய்த பெண்களே. பல ஜவுளிக் கடைகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். ஆளில்லாத வேளையிலும் அமரக் கூடாது. கழிவறை இல்லாமையால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியாயிருந்த பி. விஜி, இப்பெண்களைச் சேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பை உருவாக்கிப் போராடினார். பல ஆண்டு முயற்சியின் பலனாக, கடைப் பணியாளருக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 2021-ல் அத்தகைய திருத்தம் வந்தது.

பிரியமானவர்களே, இது நம் வீட்டுக் காரியம். நம் சபைகளிலுள்ள எத்தனையோ வாலிபப் பெண்கள் தியாகராய நகரிலும் மதுரையிலும் கோவையிலும் இப்படித்தான் நின்று சம்பாதித்து, ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கு அனுப்புகிறார்கள். ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை, வீட்டாரோடு வேலைக்காரனையும் வேலைக்காரியையும் சேர்த்தே சொல்லுகிறது என்பது நாம் அறியாததன்று.

ஆகையால் அடுத்த முறை பேரங்காடிக்குப் போகும்போது சிலவற்றை மனதில் வையுங்கள். விற்பனைப் பெண் முக்காலியில் அமர்ந்திருந்தால் முகஞ்சுளிக்காமல், அவள் எழுந்து வரும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். வாங்கும் எண்ணமில்லாமல் பொழுதுபோக்குக்காகப் பத்துச் சேலைகளைப் பிரிக்கச் சொல்லாதிருங்கள். உணவுக்கூடத்தில் உண்டு முடித்ததும் மேசையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு எழும்புங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

மாலையில் சங்குமுகம் கடற்கரைக்குப் போய் மணலில் உட்காருங்கள். அங்கே அரபிக் கடலுக்குள் சூரியன் இறங்குவதைக் காணப் பணம் வேண்டாம். பகலெல்லாம் கடையில் நின்ற பெண்களுக்கும் அந்த மணலில் இடமுண்டு. அங்கே வந்து உட்கார அவர்களுக்கு நேரம் கிடைக்க வேண்டும்.