கேட்க வேண்டியவர் வைத்தியர்

கலஹாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பேராதனைக்கு மருந்தெடுக்க வருபவர்களில் பலர் முதலில் சொல்லும் சொல் "பலவீனம்". களைப்பு, இடுப்பு வலி, நித்திரையின்மை எல்லாம் அதன்பின் வரும். வந்த காரியம் மட்டும் வராது.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர். நெடுநாள் சீனி வருத்தம். மகன் துணைக்கு வந்திருந்தான். சிங்களத்தில் பேச வேண்டிய இடங்களிலெல்லாம் அவன்தான் அவருக்கு வாய். மகன் வாயால் தகப்பன் எதைச் சொல்ல முடியும்? அவனை வெளியே இருக்கச் சொன்னேன்.

"சீனி இருக்கிற ஆம்பளைங்களுக்கு விறைப்புக் குறையிறது உண்டு. எல்லார்கிட்டயும் கேக்கிறேன். உங்களுக்கு எப்படி?"

கிளினிக் கொப்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "ரெண்டு வருஷமாச்சுங்க டாக்டர்."

ஆணுறுப்புக்குப் போகும் நாடிகள் இதய நாடிகளைவிடச் சிறியவை. அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும். ஆகவே இது வெட்கப்பட்டு மறைக்கும் விஷயமல்ல. மாரடைப்புக்கு முன்பே உடம்பு தரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பிரஷரையும் கொழுப்பையும் பார்த்தேன். என்னென்ன மாத்திரை குடிக்கிறார் என்று கேட்டேன். 1998இல் வந்த, விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை பலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் அதைக் குடித்தால் பிரஷர் உயிராபத்தாகும் அளவுக்கு விழும். கடையில் கேட்டு வாங்கும் மருந்தல்ல அது.

இளைஞர்கள் கொண்டுவரும் பயம் வேறு: விந்து போனால் சக்தி போய்விடும் என்பது. பத்மால் டி சில்வாவும் திசாநாயக்கவும் இலங்கை நோயாளிகளிடம் இதை ஆராய்ந்து 1989இல் எழுதினார்கள். விந்து வெளியேறுவதால் உடம்பு தேயாது. நித்திரையைக் கெடுப்பது அந்தப் பயம். அதைக் கேட்டு நான் ஒருநாளும் சிரித்ததில்லை. மருந்து கொடுப்பதற்கு முன் பயத்தை முழுதாகச் சொல்ல விடுகிறேன்.

"எல்லார்கிட்டயும் கேக்கிறேன்" என்ற சொல்லின் பலத்தை எனக்குக் காட்டியது கர்ப்பிணி கிளினிக். அங்கே எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் இரத்தம் எடுப்பது எல்லாத் தாய்மாருக்கும் பொது. எவரையும் சந்தேகித்து அல்ல. அதனால் எவருக்கும் அது அவமானமாகவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு அவை தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. பாலியல் நோய்களுக்கான அரசாங்க கிளினிக்குகளுக்கும் கடிதமில்லாமல் நேரே போகலாம். இலவசம், விபரம் வெளியே போகாது.

இப்போது வீட்டைப் பற்றியும் கேட்கிறேன். லயத்தில் ஒரே காம்பராவில் மாமியாரும் வளர்ந்த பிள்ளைகளும் படுக்கும்போது, கணவன் மனைவிக்கு நடுவில் மிஞ்சுவது ஒரு சேலைத் திரை. அந்தக் குறையை எந்த மாத்திரையும் தீர்க்காது.

அடுத்த மாதம் அந்தச் சீனி வருத்தக்காரர் மனைவியோடு வந்தார். அவரிடம் சுகம் விசாரித்து, கொப்பியில் எழுதி முடித்தேன். இருவரும் எழுந்தார்கள். அந்த அம்மா மட்டும் மறுபடி உட்கார்ந்தார்.

"அவருகிட்ட கேட்டத என்கிட்டயும் கேளுங்க டாக்டர்."