படுத்துவிட்ட துணுக்கு

பாடப்புத்தகத்தில், உறுப்புகளின் பரப்பைப் போர்த்தும் எபிதீலியத் திசுவுக்கு ஒரு பக்கம் போதும். தட்டை, கனசதுரம், தூண் என்று மூன்று வடிவம். ஒற்றை அடுக்கு, பல அடுக்கு என்று இரண்டு அமைப்பு. நடுவில் போலி அடுக்கு, கடைசியில் மூத்திரப்பைக்கென்று தனியாக ஒன்று. அந்தப் படங்களை வரைந்து மார்க் வாங்கியவன்தான் நானும். திசுவை மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோம் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: அவை எல்லாமே நேராக வெட்டிய திசுவின் படங்கள். நேராக வெட்டுவது யார் வேலை என்று புத்தகத்தில் இல்லை. அது என் வேலை.

பயாப்சித் துணுக்கு பல நேரம் சீரகம் அளவுக்குத்தான் இருக்கும். ஃபார்மலினில் ஊறி, ஆல்கஹாலில் நீர் வற்றி, சைலீனில் தெளிந்து, 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் பாரஃபினைக் குடித்து என்னிடம் வந்து சேரும். அதை அச்சில் வைத்து மெழுகு ஊற்றி பிளாக் ஆக்க வேண்டும். மெழுகு இறுகுவதற்குள் கிடைக்கும் சில வினாடிகளில் மேற்பரப்பு எது, அடிப்பக்கம் எது என்று கண்டுபிடித்து, சூடாக்கிய இடுக்கியால் துணுக்கை விளிம்பில் நிறுத்த வேண்டும். படுத்துவிட்டால் போச்சு.

ஏன் என்று கேட்கும் புதுப் பிள்ளைகளுக்கு நான் சோளக்கதிரைத்தான் சொல்வேன். கதிரைக் குறுக்கே நறுக்கினால் தண்டைச் சுற்றி மணிகள் ஒரே வரிசையாக நிற்கும். தூண் எபிதீலியம் அப்படித்தான் அடித்தளச் சவ்வின் மேல் நிற்கிறது. அதே கதிரை மேலாகச் சீவிப் பாருங்கள். மணிக்குமேல் மணியாகப் பத்து அடுக்கு இருப்பதுபோல் தெரியும். கதிர் மாறவில்லை, கத்தி சாய்ந்துவிட்டது. 4 மைக்ரான் தடிமனுள்ள செக்‌ஷனில் இந்த ஏமாற்று இன்னும் மோசம். சாயம் ஏற்றிய பிறகு ஹெமட்டாக்சிலின் உட்கருக்களை நீலமாகவும் இயோசின் மற்றதை ரோஜா நிறமாகவும் அழகாகவே காட்டும். பொய்யும் அழகாகவே தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த துணுக்கு ஒன்றைப் படுக்கப் போட்டுவிட்டேன். மறுநாள், ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட் எழுதும் பேதாலஜிஸ்ட் மேடம் கூப்பிட்டார். "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று இரட்டைத்தலை மைக்ரோஸ்கோப்பின் மறுபக்கத்தைக் காட்டினார். ஸ்லைடு முழுக்க நீலப் புள்ளிகள். அடி எது, மேல் எது என்றே தெரியவில்லை. அங்கே இருப்பது பல அடுக்குத் தட்டை எபிதீலியம். கெட்டுப்போன செல்கள் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு நின்றால் ஒரு ரிப்போர்ட். மூன்றில் இரண்டுவரை ஏறினால் வேறு. முழு உயரத்துக்கும் போயிருந்தால் இன்னொன்று. கண்காணிப்பதா, சிகிச்சையா என்பதெல்லாம் அந்த உயரக் கணக்கில் இருக்கிறது. நானோ உயரத்தையே அழித்துவிட்டிருந்தேன். அடித்தள செல்கள் இயல்பாகவே நெருக்கமாக, கருநீலமாக இருக்கும். சாய்த்து வெட்டினால் அவையே முழுத் தடிமனுக்கும் பரவியதுபோல் தோன்றும். எபிதீலியத்திலிருந்து விரல்போலக் கீழ்நோக்கி இறங்கும் நீட்சிகளோ தனித்தனித் தீவுகளாகத் தெரிந்து, சவ்வைத் தாண்டிப் புற்று இறங்கிவிட்டதோ என்று பயமுறுத்தும்.

"உருக்கித் திருப்பி வைங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பிளாக்கை உருக்கி, மிச்சமிருந்த துணுக்கை லென்ஸ் வைத்துப் பார்த்து, நிறுத்தி, மறுபடி வெட்டினேன். செல்கள் கீழ் மூன்றில் ஒரு பங்கோடு நின்றிருந்தன. அந்த அம்மாவுக்கு ரிப்போர்ட் இரண்டு நாள் தாமதம். அந்த இரண்டு நாள் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

அதிலிருந்து எனக்கு மூச்சுக்குழல் செக்‌ஷன் மேல் தனிப் பிரியம். அங்கே உட்கருக்கள் மேலும் கீழுமாக இருப்பதால் பல அடுக்கு என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு செல்லின் காலும் சவ்வைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. போலி அடுக்கு என்ற பெயர் அதனால்தான். பீடி, சிகரெட் பழக்கம் நீடித்தால் குறுஇழை உள்ள தூண் செல்கள் போய், அந்த இடத்தில் நிஜமாகவே பல அடுக்குத் தட்டை செல்கள் வந்து உட்காரும். அப்போது மேடத்துக்கு எழும் முதல் சந்தேகம் நோயாளியின் மேல் அல்ல, என் மேல்: இது மாற்றமா, சாய்வா? நேராக வெட்டிக் கொடுத்திருந்தால்தான் அவர் என்னைக் கழித்துவிட்டு நோயைப் பார்க்க முடியும்.

மூத்திரப்பை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. காலியாக இருக்கும்போது ஐந்தாறு அடுக்கு, நிரம்பி விரிந்தால் இரண்டு மூன்று. அங்கே எண்ணிக்கை மாறினால் என்னைத் திட்ட முடியாது!

துணுக்கு எடுக்கும் டாக்டர்களிடமும் சிஸ்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். எடுத்ததை அப்படியே ஃபார்மலினில் உதறிவிடாதீர்கள். அது சுருண்டு இறுகிவிடும். சுருண்டதை நிமிர்த்த என் இடுக்கியால் ஆகாது. சின்ன ஃபில்டர் பேப்பர் துண்டில், வெட்டுப்பட்ட பக்கம் கீழே, மேற்பரப்பு மேலே இருக்கும்படி ஒட்டவைத்து, காய்வதற்குள் பேப்பரோடு சேர்த்துப் போடுங்கள்.