தொட்டிக்குள் மைக் வேண்டாம்

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. போன மாதம் உங்கள் சபைக்கு வந்தபோது சாட்சி சொல்லச் சொல்லி மைக்கை என் கையில் கொடுத்தாயே, அதன் கம்பி வலையில் உதடு பட்டதும் சுரீரென்றது. உன்னிடம் சொன்னேன். "ரொம்ப நாளா அப்படித்தாண்ணே இருக்கு" என்றாய். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆராதனை முடிந்ததும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். மூணு பின் பிளக்கில் எர்த் பின்னைக் காணோம். இரைச்சல் வருகிறதென்று யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். இரைச்சல் நின்றிருக்கும். ஆனால் பெட்டிக்குள் கசிகிற கரண்ட் மண்ணுக்கு இறங்க இருந்த வழியும் போய்விட்டது. இப்போது அது மைக் வயரின் மேல்வலை வழியாக மைக்கின் உடம்புக்கே வருகிறது.

நேற்று போனில், புது ஞானஸ்நானத் தொட்டிக்கும் அந்த மைக்கையே இழுக்கப்போவதாகச் சொன்னாய். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காய்ந்த தரையில் நின்றதால்தான் அன்று சுரீரோடு போயிற்று. நனைந்த உடம்பு கரண்ட்டைத் தடுப்பது ஆயிரம் ஓம் அளவுக்குத்தான். 230 வோல்ட் முழுதாக வந்தால் 230 மில்லி ஆம்பியர் பாயும். 30 மில்லி ஆம்பியரே உயிருக்கு ஆபத்து. அதற்கு முன்பே விரல்கள் மைக்கோடு இறுகிவிடும். விட நினைத்தாலும் விடமுடியாது. இவ்வளவு சின்னக் கசிவுக்கு ஃப்யூஸ் போகவே போகாது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் வேக்கோ நகரில், 2005 அக்டோபர் 30 ஞாயிறு ஆராதனையில், கைல் லேக் என்ற போதகர் இப்படித்தான் தொட்டித் தண்ணீரில் நின்றபடி மைக்குக்குக் கை நீட்டினார். சபையார் கண்முன்னே கரண்ட் அடித்து விழுந்தார், பிழைக்கவில்லை. வயது 33.

எர்த் பின்னை மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. தண்ணீர் நிரப்புகிற மோட்டாரில் கசிவு இருந்தால் தொட்டித் தண்ணீரிலேயே கரண்ட் இருக்கும். அப்போது எர்த்தான மைக்கைத் தொடுகிறவன் வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகும். அதனால் தொட்டிக்குள் வயர் மைக்கே கூடாது. நிரம்பியதும் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிடு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மைக் இருந்தே ஆகவேண்டுமென்றால் பேட்டரியில் ஓடுகிற கார்ட்லெஸ் வாங்கு.

கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்து மாட்டித் தருகிறேன், எர்த் குழியையும் பார்க்கவேண்டும். அதுவரை அந்த மைக்கை யாரும் தொடவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேருக்குத்தானே ஞானஸ்நானம்? உன் தொண்டையே போதும். சின்ன வயசில் வயலில் நின்று நீ என்னைக் கூப்பிட்டால் வீடுவரை கேட்கும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அண்ணன்