பதினான்கு பனைகள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கொல்லை உங்களில் பலருக்குத் தெரியும். ஓடையை ஒட்டிய ஒன்றேகால் ஏக்கர் செம்மண் சரிவு. ஓடைப் பக்க வரப்பில் அப்பா காலத்துப் பனைகள் 14 நின்றன. 1988-இல் தங்கை கல்யாணத்துக்குப் பணம் பற்றாமல் அவற்றைச் செங்கல் சூளைக்கு விற்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மரம் சாய்ந்த அன்று கொல்லைப் பக்கம் வரவும் இல்லை. (தங்கச்சி, இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே போன் பண்ணாதே. முடிவு என்னுடையது.)

பனைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்கள் கற்றையாக இறங்கி மண்ணைக் கட்டி வைத்திருக்கும். நாலைந்து வருடத்தில் அந்த வேர்கள் மக்கின. ஐப்பசி மழைக்கு வரப்பு உடைந்தது. வருடா வருடம் மேல்மண் கரைந்து ஓடையோடு போய், கடலை விளைந்த இடத்தில் சரளைக்கல் தெரிந்தது. அதே வருடங்களில்தான், மண் அரிப்பைத் தடுப்பவை எவை என்று கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி உங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

2018 நவம்பரில் கஜா புயல். நம் புதுக்கோட்டைப் பக்கம் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன. அதன் பிறகுதான் 94-ஆம் வருட செட் பையன்கள், "சார், கண்மாய்க் கரையிலயும் ஓடைக் கரையிலயும் பனை போடுவோம்" என்று வந்தார்கள். மறு புரட்டாசியில் பத்தடிக்கு ஒன்றாக 400 விதை ஊன்றினோம்.

பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால் பாதிக் குழி காலி! யாரோ தோண்டிக் கிழங்கு அவித்துத் தின்றுவிட்டார்கள். பையன்களுக்குக் கோபம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, சின்ன வயதில் நானே செய்திருப்பேன். மறுவருடம் ஊர்ப் பிள்ளைகளையே ஊன்ற வைத்தோம். கிழங்குக்கென்று தனிப் பாத்தியும் போட்டோம். அதற்கப்புறம் ஒரு குழியிலும் கை வைக்கவில்லை.

இடையில் வைத்த வேம்பு, புங்கன் கன்றுகளை ஆடுகள் முடித்தன. ஆடு மேய்க்கும் ஆத்தா ஒருவர், "வாத்தியாரே, நொச்சியும் ஆடாதொடையும் வையுங்க, ஆடு வாய் வைக்காது" என்றார். வைத்தோம். வெட்டிவேரும் சேர்த்தோம்.

2021-இல் அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை தருவதாக அறிவித்தார்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். 1988-இல் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது.

எங்கள் வரப்பிலும் 14 விதை ஊன்றினேன். 11 பிழைத்து வடலியாக நிற்கின்றன. போன மழைக்கு வரப்பு உடையவில்லை. அது வடலியின் வேலை இல்லை. நொச்சியும் வெட்டிவேரும்தான் பிடித்துக்கொண்டன. பனை காய்க்கப் பதினைந்து வருடமாவது ஆகும். எனக்கு இப்போது 66.

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கண்மாய் மடைப் பக்கம் கூடுகிறோம். வெளியூரிலிருந்து வருபவர்கள் பையில் நாலு பனங்கொட்டை போட்டுக்கொள்ளுங்கள். மண்வெட்டி என்னிடம் இருக்கிறது; கடப்பாரை இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.